ஒரே ஜமக்காளத்தில் கயால்

அவையோருக்கு என் வணக்கம்.

இன்னும் சிறிது நேரத்தில் இந்தக் கூடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல், இந்துஸ்தானி வாய்ப்பாட்டு நடக்கவிருக்கிறது. வடக்கே இவ்வகைக் கச்சேரியைப் ‘பைட்டக்’ என்பார்கள்; உட்காருதல் என்பதே அச்சொல்லின் பொருள். பெரிய மண்டபம் கிடைக்காதபோது செய்துகொள்ளும் சிக்கன ஏற்பாடு இது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் கயால் என்னும் பாட்டுமுறை செழித்து வளர்ந்ததே அரண்மனைக் கூடங்களிலும் செல்வர் வீட்டு முற்றங்களிலும்தான். அந்த நெருக்கத்தை எடுத்துவிட்டால் பாட்டிலேயே ஒன்று குறைந்துபோகிறது என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் தம்பூராவைக் கவனியுங்கள். வழக்கமாக அதில் 4 தந்திகள்: ஒன்று பஞ்சமம், மற்ற மூன்றும் ஷட்ஜம். காந்தாரம் என்னும் ஸ்வரத்துக்கென்று தந்தியே கிடையாது. ஆயினும் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் இடையே மெல்லிய நூலைச் செருகி, அதை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ஜீவா என்னும் அந்த ரீங்கார நாதம் சரியாக வந்துவிட்டால், மந்தர ஷட்ஜத் தந்தியின் ஒலி அடங்கும் வேளையில் அதிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். மாலையில் யமன் பாடுகிறவர், நம் கல்யாணிக்கு மிக நெருங்கிய அந்த ராகத்தில், மந்தர நிஷாதத்தில் தொடங்கி ரிஷபத்தைத் தொட்டுக் காந்தாரத்தில் வந்து நிற்கும்போது, அங்கே ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் காந்தாரத்தின் மேல்தான் அவர் குரல் போய் அமர்கிறது. அதைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு, கிரானா என்னும் கரானாவை, அதாவது குருபரம்பரையை, சேர்ந்த பாடகர்கள் ஒரே ஸ்வரத்தில் அவ்வளவு நேரம் நிற்பது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தாளம். நம் கச்சேரியில் ரசிகரின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அங்கே தபலாவே, தேக்கா என்னும் மாறாத சொற்கட்டாகத் தாளத்தை வாசித்துக் காட்டிவிடுவதால், கேட்பவருக்கு மிஞ்சும் வேலை காத்திருப்பதுதான். விளம்ப ஏக்தாளத்துக்கு 12 மாத்திரைகள். ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடிய முக்கால் நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அவ்வளவு நேரம் பாடகர் எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசி இரண்டு மூன்று மாத்திரைகளில் பல்லவியின் முகப்பைப் பிடித்து, சுற்றின் முதல் மாத்திரையான ‘சம்’மில் வந்து இறங்கும்போது, கூடத்தில் எல்லாத் தலைகளும் ஒருசேரத் தாழும், “வாஹ்” என்று ஒரு குரல் தாழ்ந்து வரும். அதைக் கண்ணால் பார்த்துவிட்ட பாடகர் அடுத்த சுற்றில் இன்னும் துணிவார். விளக்கணைத்த பெரிய அரங்கில், மேடையில் இருப்பவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை.

பெரிய அரங்குகளை நான் குறை கூறவில்லை. 1952இல் மறைந்த கிரானாப் பாடகர் சவாய் கந்தர்வர் நினைவாக, மறு ஆண்டிலேயே புனேயில் தொடங்கிய விழாவில் இன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்கிறார்கள். அவருடைய சீடர் பீம்சேன் ஜோஷி கட்டிக் காத்த விழா அது. ஆனால் அதே குருவுக்கு, தார்வாட் பக்கத்துக் குந்த்கோள் என்னும் சிற்றூரில், நாட்கேர் குடும்பத்தாரின் பழைய வீட்டிலும் நினைவுக் கச்சேரி நடந்து வந்திருக்கிறது. அவருடைய இன்னொரு சீடர், பாடகி கங்குபாய் ஹங்கல், ஹூப்ளியிலிருந்து ரயிலேறிப் போய்ப் பாடம் கேட்டது அந்த ஊரில்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் நான் தயங்காமல் குந்த்கோளுக்கே போவேன்.

சவாய் கந்தர்வரின் குரு அப்துல் கரீம் கான். கரஹரப்ரியாவில் தியாகராஜர் கீர்த்தனையை இசைத்தட்டில் பாடிய அந்தப் பெரியவரின் கடைசிப் பைட்டக் நம் மண்ணில்தான் நடந்தது. 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடல்நலம் குன்றிச் சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கிவிட்டார். நடைமேடையில் விரித்த படுக்கையில் அமர்ந்து, தம்பூராவைச் சேர்க்கச் சொல்லி, தர்பாரி ராகத்தில் இறைவனைப் பாடிவிட்டுக் கண்மூடினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். செங்கல்பட்டு மின்ரயிலில் போகும்போதெல்லாம் அந்த நடைமேடையைப் பார்க்காமல் நான் கடந்ததில்லை.

உள்ளே தம்பூரா சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிருடை திருகும் ஓசை கேட்கிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் நாற்காலியிலேயே இருக்கலாம். மற்றவர்கள் தயவுசெய்து எழுந்து, முன்னால் காலியாக இருக்கும் ஜமக்காளத்துக்கு வாருங்கள். மின்விசிறியைச் சிறிது நேரம் நிறுத்தப்போகிறோம், புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காந்தாரம் மிக மெல்லியது.