திருகின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

பல் விழுந்த இடத்தில் டைட்டானியம் திருகு ஒன்றை வைத்து அதன்மேல் புதுப்பல் கட்டுவதை இப்போது பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருகை வைத்ததும் சில மாதம் பொறுத்திருக்கச் சொல்வார்கள். எலும்பு வளர்ந்து அதைக் கவ்விக்கொள்ள வேண்டும் அல்லவா, அதற்குத்தான். புதிய திருகு வகைகளைச் சோதிக்கும் ஆய்வுகளில், எலும்பு எவ்வளவு கவ்வியிருக்கிறது என்று மைக்ரோ சி.டி. என்ற நுண்ணிய எக்ஸ் கதிர் ஸ்கேனில் படம் பிடித்து அளப்பது என் வேலை.

எலும்பு டைட்டானியத்தைக் கவ்வும் என்பதே தற்செயலாகத் தெரியவந்ததுதான். 1950களில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு டைட்டானியக் கூட்டைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால், கூடு வரவில்லை. 1965இல் முதல் நோயாளிக்குத் திருகு வைத்தார்.

சரி, மைக்ரோ சி.டி.க்கு வருகிறேன். மருத்துவமனை ஸ்கேனில் நாம் படுத்திருக்க, கருவி நம்மைச் சுற்றும். இங்கே கருவி அசையாது. எலும்புத் துண்டுதான் சின்ன மேடையில் மெல்லச் சுழலும். அங்கே படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் என்றால், இங்கே 10, 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. கதிர்வீச்சு அதிகம் என்பதால் உயிருள்ள மனிதரின் தாடையை இப்படி எடுக்க முடியாது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆரம்பத்தில் வழிபோட்டவர்களில் ஒருவரான லீ ஃபெல்ட்காம்ப், ஃபோர்டு கார் நிறுவன ஆய்வுக்கூடத்துக்காரர். பீங்கான் உதிரிபாகங்களில் விரிசல் தேடப் போய்த்தான் எலும்புக்கு வந்தார்!

படம் வந்ததும் இரண்டு முடிவு எடுக்க வேண்டும். எந்தச் சாம்பல் நிறத்துக்கு மேல் எலும்பு என்று கணக்கில் சேர்ப்பது? திருகிலிருந்து எவ்வளவு தூரம் வரை ‘சுற்றியுள்ள எலும்பு’? இரண்டையும் கொஞ்சம் நகர்த்தினால் விடையும் நகரும். அதையாவது எல்லா மாதிரிகளுக்கும் ஒரே அளவாக வைத்துச் சமாளிக்கலாம்.

உண்மையான தலைவலி உலோகத்தின் ஓரத்தில்தான். ஒரு புள்ளியில் பாதி டைட்டானியம், பாதி வெற்றிடம் என்று வையுங்கள். கருவி சராசரி போட்டு நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்றைத் தரும். அது அச்சு அசலாக எலும்பின் நிறம்! போதாததற்கு, எக்ஸ் கதிரின் ஆற்றல் குறைந்த பகுதியை உலோகம் விழுங்கிவிடுவதால் அக்கம்பக்கத்தில் பொய் வெளிச்சமும் பொய் நிழலும் விழும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரியில், திருகைச் சுற்றி ஒரு மரை விடாமல் வெள்ளையாக எலும்பு. தலைகால் புரியாமல் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. “அப்படியா? புதுத் திருகு ஒன்றைத் தண்ணீரில் போட்டு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்” என்றார். எடுத்தேன். வெறும் தண்ணீரிலும் அதே ‘எலும்பு’ வளர்ந்திருந்தது.

அதற்கப்புறம் உலோகத்தை ஒட்டிய சில புள்ளிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் அளக்கிறேன். ஆனால் எலும்பு தொட்டிருக்கிறதா என்ற கேள்விக்கான விடை அந்தச் சில புள்ளிகளில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு எலும்பு என்று மைக்ரோ சி.டி. சொன்னால் நம்புவேன்; தொடுகையைப் பற்றிச் சொன்னால் யோசிப்பேன்.

அதனால் ஸ்கேன் முடிந்ததும் பழைய முறைக்கும் போகிறோம். எலும்பைத் திருகோடு பிசினில் இறுக்கி, வைர ரம்பத்தால் அறுத்து, ஒளி புகும் அளவுக்குத் தேய்த்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்போம். தொடுகை பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு திருகுக்கு ஒன்றிரண்டு சீவல்தான் தேறும். மற்றப் பக்கமெல்லாம் தூளாகப் போய்விடும். ரம்பம் எந்தத் தளத்தில் இறங்கியது என்று முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பித் தேடினால் அரைநாள் ஓடிவிடும். கிடைத்துவிட்டால், கண்ணாடிச் சீவலில் நீலமாகத் தெரியும் அதே எலும்புக் கிளை திரையிலும் அதே வளைவோடு நிற்கும். திருகை நெருங்க நெருங்கத்தான் இரண்டு படமும் வேறு வேறு கதை சொல்லும்.

நன்றி, வணக்கம்.