ஷட்டரின் பாரம் எங்கே இருக்கிறது?

(தண்டையார்பேட்டையில் கடைக்காரர்களும் ஷட்டர் வேலை பழகும் இளைஞர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் எம்.சி. ரோடு ஜவுளிக்கடை அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் காசிமேட்டு மீன் வியாபாரிகள். ஓரமாக நிற்கிற தம்பிகள் எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கேள்வி. ஷட்டரில் அதிக விசை இருப்பது எப்போது? மேலே சுருண்டு நிற்கும்போதா, இறக்கிப் பூட்டியபிறகா?

மேலே இருக்கும்போது என்றுதான் பலர் சொல்கிறீர்கள். தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் வரும் பதில் அது. உண்மை நேர்மாறானது. மேலே பெட்டிக்குள் பைப்பில் கோத்த ஸ்பிரிங் இருக்கிறது. ஷட்டரை இறக்க இறக்க, சாவி கொடுத்த பொம்மை மாதிரி அது முறுக்கேறுகிறது. கீழே தொங்கும் தகட்டின் எடை கூடக் கூட, ஸ்பிரிங்கின் இழுப்பும் கூடவே ஏறுகிறது. பத்தடிக்கு எட்டடி, தகட்டுத் தடிமன் 18 கேஜ் உள்ள ஷட்டர் நூறு கிலோவை ஒட்டி வரும். அதை வீட்டுக்காரம்மா ஒரு கையால் ஏற்றுகிறார் என்றால், பாரத்தைச் சுமப்பது கை இல்லை, ஸ்பிரிங்தான். ராத்திரி பூட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள், அது முழு முறுக்கில் நிற்கிறது.

இதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. பக்கவாட்டில் நின்றுகொண்டு ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்துங்கள். கையை உடனே எடுத்துவிடாமல் மெதுவாகப் பிடியைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சரி. கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானாக மேலே பாய்ந்தால் டென்ஷன், அதாவது ஸ்பிரிங்கின் முறுக்கு, அதிகம். திடீரென்று ஒருநாள் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டால், உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்திருக்கலாம். அதோடு ஒரு மாதம் ஓட்டுகிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். மிச்சமிருக்கும் ஸ்பிரிங்கும் ஒருநாள் போகும். அந்த நேரத்தில் ஷட்டருக்கு அடியில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியுமா?

ஷட்டர் வாங்குகிறவர்கள் சதுர அடிக்கு என்ன விலை, எத்தனை கேஜ் தகடு என்று விசாரிக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். உலோக ஷட்டர்களுக்கென்று ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. மூன்றரை மீட்டர் அகலம் வரை தகடு 0.9 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அதற்கு மேல் போனால் 1.25 வேண்டும். ஆனால் ஸ்பிரிங் என்ன தடிமன், எத்தனை போடுகிறாய், பைப் எந்த அளவு என்று யாரும் கேட்பதில்லை. விலையைக் குறைக்க நினைப்பவன் கை வைப்பது அங்கேதான். பெட்டிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாதே.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்று சும்மா விடாது. மீன் கடையில் ஐஸ் உருகிய தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தரையில் ஓடும், அந்த ஈரத்திலேயே ஷட்டரை இறக்குவார்கள். முதலில் அரிப்பது அடிப் பட்டையும், ஷட்டர் ஏறி இறங்கும் பக்கவாட்டுத் தடமான கைடின் அடிப்பகுதியும்தான். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, உலர்ந்தபின் இறக்குங்கள். கைடின் அடியை சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள், தண்ணீர் வடிய வழி வேண்டும். 2015லும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வடிந்தபிறகு எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதி, கைடில் சேறு இறுகியிருக்க, கடப்பாரை போட்டு நெம்பிக் கெடுத்தவைதான். கண்ணாடிக் கதவு வைத்தவர்கள் கதவைத் தானாக மூடவைக்கத் தரைக்குள் புதைத்த ஃப்ளோர் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். வெள்ளத் தண்ணீர் அந்தக் குழியில் நின்றால் வெளியே தெரியாமலே துருப்பிடிக்கும்.

ஜவுளிக்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய இன்ஜின் ஆயிலைக் கைடில் ஊற்றாதீர்கள். தூசி ஒட்டிக் கரியாகும், தீபாவளி நேரத்தில் வாசலில் தொங்கவிட்ட புடவையில் கறை படியும். சுத்தமாகத் துடைத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

மோட்டார் ஷட்டருக்குக் கரண்ட் போனால் கையால் இழுக்கச் சங்கிலி உண்டு. ஃபால்ஸ் சீலிங் போடுகிற ஆள் அழகு கெடுகிறதென்று அதை மேலே சுருட்டி மறைத்துவிடுகிறார். அது எங்கே என்று முதலாளிக்கே தெரியாது, உள்ளே வேலை பார்க்கிற பையனுக்கு எப்படித் தெரியும்? குடோனில் ஆட்களைப் படுக்கவைத்து வெளியே பூட்டுகிற பழக்கம் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. தீப்பிடித்தால் ஷட்டர்தான் ஒரே வழி, அதுவும் பூட்டியிருக்கும். உள்ளிருந்து திறக்கிற ஒரு சின்னக் கதவு இல்லாத குடோனில் ஆளைப் படுக்கவைக்காதீர்கள். இதில் நான் சமாதானம் பேச மாட்டேன்.

தம்பிகளே, உங்களுக்கு. பைப்பைத் தாங்குகிற பிராக்கெட்டின் போல்ட்டைத் தொடும் முன் ஸ்பிரிங் டென்ஷனை இறக்கிவிடுங்கள். இரண்டு ஆள் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். பைப் ரெஞ்ச் சுழலும் பாதையில் முகமோ மணிக்கட்டோ இருக்கக்கூடாது. கை நழுவினால் அது சுற்றி வரும் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. கடைக்காரர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் ஏணியை விட்டு இறங்கி நில்லுங்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994 முதல் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. வெல்டர், ஃபிட்டர் வேலை பார்க்கிறவர்கள் 18 வயது முடிந்ததும் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்து நடந்தபிறகு பதியலாம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கே ஆதார் நகலை எடுத்துக்கொண்டு போங்கள்.