வால்வு எங்கே இருக்கிறது?

(குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஆணையர் அவர்களே, நகராட்சிப் பொறியாளர் அவர்களே, எங்கள் வார்டு உறுப்பினர் அவர்களே, வரவேற்புரையிலேயே பாதி விழாவை நடத்தி முடித்துவிட்ட செயலாளர் தம்பி அவர்களே, வாழ்த்துரை வழங்கிய வர்த்தகர் சங்கப் பிரமுகர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, மேடையில் இடமில்லாததால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மற்ற வார்டு உறுப்பினர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நகர்மன்றத் தலைவர் அம்மா இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியவர்கள். "உங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் போவேன்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அது அவர்கள் பெருந்தன்மை. ஆணையர் அவர்கள் நம் ஊருக்கு மாறுதலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, எங்களோடு அவருக்கு இன்னும் மனக்கசப்பு வரவில்லை. அதற்குள் பேசிவிட வேண்டும் என்றுதான் நானும் அவசரமாக ஒத்துக்கொண்டேன். பொன்னாடை போர்த்திய நேரத்தைக் கழித்துக்கொண்டால் எனக்கு மிச்சம் இருபத்தைந்து நிமிடம் என்று செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி.

குடிநீர், பாதாள சாக்கடை, தெரு, இந்த மூன்றையும் நடத்தப் பணம். நான்கையும் நம்மைப் போன்ற சிறு நகரங்களில் குழுக்கள் எப்படிக் கையாளுகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா ஒரு பழமொழி சொல்வார்கள்: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். தோப்பு முழுக்கச் சுற்றி, இது கோணல், அது வைரம் பாயவில்லை என்று சொல்லிக்கொண்டே பொழுது சாய வீட்டுக்குத் திரும்பிவிடுவானாம். நம் ஊர்க் குழுக்களின் கதையை இந்தப் பழமொழியை விடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

ஆனால் நகராட்சி என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1910களின் கடைசியில் ஈரோடு நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் பெரியார். சேலம் நகராட்சிக்குத் தலைவர் ராஜாஜி. பின்னால் அரசியலில் இரு துருவமாகப் போனவர்கள், அன்று பக்கத்துப் பக்கத்து ஊரில் குழாய்க்கும் குப்பைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஈரோட்டில் குழாய்க் குடிநீர் வந்ததிலும், கடைவீதி ஆக்கிரமிப்பு அகன்றதிலும் பெரியாரின் கை இருக்கிறது. கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியும் பேசியும் வந்தவர் நரசிம்மலு நாயுடு. அது நிறைவேற ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் காலத்தில்தான் தண்ணீர் வந்தது. ஆர்.எஸ்.புரம் என்று இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் ஒரு மரத்தைப் பார்த்தார்கள், அதை வெட்டினார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வார்டு குழு கட்டாயம் என்று அது சொன்னது. ஆனால் யாருக்கு? மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் தொகை உள்ள நகரங்களுக்கு. நம் ஊர் அந்தக் கணக்கில் வராது. பெரிய நகரத்துக்காரனுக்குத்தான் பேச வாய் உண்டு, நமக்குக் கேட்கக் காது மட்டும் போதும் என்பது போல. அதற்கும் மேலே ஒன்று: 2016இல் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 வரை தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. நம் தெருவில் குழாய் உடைந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாத காலம் அது.

தேர்தல் நடந்த அதே ஆண்டு, வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் தமிழ்நாடு அரசு விதிகள் போட்டது. சிறிய ஊருக்கும் சேர்த்து. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் ஒரு கேள்வி. கிராமத்தில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேளுங்கள், கிராம சபை என்றைக்கு என்று. குடியரசு நாள், மார்ச் 22 தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆறையும் கடகடவென்று சொல்வார். நம் ஊர்ப் பகுதி சபை என்றைக்கு? கை தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா, ஆணையரும் இங்கும் அங்கும் பார்க்கிறார். பகுதிப் பிரதிநிதியை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. அதனால் அவர் யார் என்பதும் பல தெருவுக்குத் தெரியாது. தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது 2014இல். அதில் வரும் நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். காய்கறிக்கார அக்காவுக்கு அந்தக் குழுவில் உரிமையோடு ஒரு நாற்காலி உண்டு. வார்டு குழுவில் நம் தெருவுக்கு அப்படி ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பும் உரிமை இல்லை.

இனி குடிநீர். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கதை நடந்த ஊர் எது என்று கேட்காதீர்கள். நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்று.

மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவார்கள். விடியற்காலையில் வரும். திடீரென்று ஒரு மாதம், முதல் அரை மணி நேரத் தண்ணீர் கலங்கலாக, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு வந்தது. பெண்கள் குடத்தைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினார்கள். மனு போனது. நகராட்சி என்ன செய்தது? குழு போட்டது. வார்டு உறுப்பினர், பொறியாளர், சுகாதார ஆய்வாளர், தெருவிலிருந்து இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவன் நான். இன்னொருவர் தெருவிலேயே பெரிய வீட்டுக்காரர்.

முதல் கூட்டம். குடிநீர்ப் பிரிவு சொன்னது: "இது சாக்கடைக் கசிவு, அவங்களைக் கேளுங்க." சாக்கடைப் பிரிவு சொன்னது: "எங்க லைன் சுத்தம், குடிநீர்க் குழாய்தான் ஓட்டை." சாலைப் பிரிவு சொன்னது: "ரோடு போட்டு ஆறு மாசம்தான் ஆகுது, வெட்ட அனுமதி கிடையாது." மூன்று பேரும் சொன்னது தனித்தனியாகப் பார்த்தால் சரி. நான் மெதுவாகக் கேட்டேன்: "குழாய் எங்கே போகுதுன்னு வரைபடம் இருக்குமா?" பீரோவிலிருந்து ஒரு சுருள் வந்தது. விரித்தோம். ஊர் முழுக்க இருக்கிறது, எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தை மட்டும் கரையான் தின்றிருக்கிறது! சிரிக்காதீர்கள், நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அப்போது பியூன் ஒருவர் காதில் சொன்னார்: "ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிடுங்க சார்." நகராட்சியில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குப் போனோம். மறுநாள் விடியற்காலை தண்ணீர் விடும் நேரத்துக்கு ஒரு கடப்பாரையோடு வந்து நின்றார். பஸ், ஆட்டோ எதுவும் ஓடாத நேரம். கடப்பாரையின் ஒரு முனையைத் தார் ரோட்டில் ஊன்றினார். மறுமுனையில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாலடி தள்ளி மறுபடியும் ஊன்றினார். எங்கள் பொறியாளர், பாவம், சின்னப் பையன், கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். தெருவில் கோலம் போட வந்த பெண்கள் கோலமாவைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அண்ணன் நடந்து நடந்து ஒரு வீட்டு வாசலில் நின்றார். பளபளவென்று கிரானைட் பதித்து, கார் ஏறுவதற்குச் சரிவு போட்ட வாசல். கடப்பாரையால் இரண்டு தட்டுத் தட்டினார். "வால்வு இதுக்குக் கீழே இருக்கு. சத்தமும் இங்கேதான்."

அந்த வீடு யாருடையது? நம் குழுவின் ஐந்தாவது உறுப்பினருடையது!

அவர் வெளியே வந்தார். "இது பட்டா இடம்" என்றார். சர்வேயர் வந்து புல வரைபடத்தை விரித்துச் சங்கிலி பிடித்தார். சரிவு முழுவதும் தெருவில் இருந்தது. "அந்தக் காலத்துச் சங்கிலி, நீளம் குறைஞ்சிருக்கும்" என்றார் வீட்டுக்காரர். கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பஞ்சாயத்து. இடித்தால் வழக்கு என்றார், இடிக்காவிட்டால் மறியல் என்றது தெரு. மணி ஒன்பது ஆயிற்று. அப்போது உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா வந்து வாசற்படியில் நின்று ஒரே வார்த்தை சொன்னார்: "இடிங்க. மாசமாசம் கேன் தண்ணிக்குக் காசு எண்ணிக் குடுக்கிறது நானு." அவ்வளவுதான். குழு தீர்மானம், சர்வேயர் அறிக்கை எதற்கும் இல்லாத பலம் அந்த ஒரு வார்த்தைக்கு இருந்தது.

இடித்தார்கள். மண் மூடிக் கிடந்த வால்வுத் தொட்டி தெரிந்தது. அதன் ஓரமாகத் தோண்டினால், ஒரு வீட்டுச் சாக்கடை இணைப்புக் குழாய் குடிநீர்க் குழாய்க்கு நேர் மேலே குறுக்கே போகிறது. இரண்டிலும் கசிவு. பொறியாளர் ஐயா இங்கே இருக்கிறார், நான் சொல்வதைச் சரிபார்ப்பார்: குடிநீர்க் குழாய் மேலேயும் சாக்கடைக் குழாய் கீழேயும் போக வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் போனால் நடுவே பத்தடி இடைவெளி வேண்டும் என்பது பால பாடம். தண்ணீர் ஓடும்போது அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். நிறுத்தினால் குழாய்க்குள் அழுத்தம் விழும். மூன்று நாள் வெறுமையாகக் கிடக்கும் குழாய், வெளியே தேங்கியதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் முதல் அரை மணி நேரத் தண்ணீர் நாறியது. கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று விதி. சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்து ஐந்தாறு சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். எங்கள் தெருத் தண்ணீரில் வெள்ளையாகவே நின்றது. சாக்கடை கலந்த தண்ணீர் குளோரினை எப்போதோ தின்றுவிட்டது. சரி செய்ய எவ்வளவு ஆனது? சில அடி குழாய், இரண்டு இணைப்பு, அரை நாள் கூலி. தேடியதற்குத்தான் மூன்று மாதம்.

அந்த ஃபிட்டர் அண்ணன் பிறகு மகனோடு திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். அந்த நகராட்சியின் வரைபடம் இப்போது திருப்பூரில் இருக்கிறது!

இதற்காகத்தான் இரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வார்டிலும் குடிநீர்க் குழாய், வால்வு, பாதாள சாக்கடையின் மேன்ஹோல் எனும் ஆள்நுழைவுத் தொட்டி, மழைநீர் வடிகால், தெருவின் சட்டப்படியான அகலம், இந்த ஐந்தும் உள்ள வரைபடத்தை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். ரேஷன் கடை ஏன்? நகராட்சி அலுவலகத்துக்கு வேலை இருப்பவன்தான் போவான், ரேஷன் கடைக்கு மாதம் ஒருமுறை எல்லோரும் போவோம். வரிசையில் நிற்கும்போது படிக்க வேறு என்ன இருக்கிறது?

"அது ரகசியம், பாதுகாப்புப் பிரச்சினை" என்று ஒரு ஊரில் சொன்னார்கள். நம் தெரு வால்வை எந்த எதிரி நாட்டுக்காரன் வந்து திருகப்போகிறான்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, நான்காவது பிரிவைப் படியுங்கள். யாரும் மனுப் போடாமலே அரசு அலுவலகம் தானாக முன்வந்து தகவலை வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. "பழைய வரைபடமே இல்லை" என்று இன்னொரு ஊரில் சொன்னார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் தண்ணீர் திறந்துவிடும் ஆட்களோடு ஒரு வாரம் நடங்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் பெயின்ட் புள்ளி வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் விடுமுறையில் ஒரு வார்டை முடித்துவிடுவார்கள்.

குழுவுக்கும் இதுதான் மருந்து. குடிநீர் ஒரு கோப்பு, சாக்கடை ஒரு கோப்பு, சாலை ஒரு கோப்பு என்று இருக்கும் வரை பல மரம் கண்ட தச்சன்தான். மூன்றும் ஒரே சுவரில் ஒரே படத்தில் இருந்தால், "எங்க லைன் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் சரிவு போடுகிறவரும் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிடுவார்.

பாதாள சாக்கடை பற்றி நிறையக் குறிப்பு எடுத்து வந்தேன். செயலாளர் தம்பி கடிகாரத்தைக் கழற்றியே காட்டுகிறார். ஒன்றே ஒன்று. அடைப்பு எடுக்கப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைக் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உயிர் போனால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இயந்திரம் வரும் வரை காத்திருக்க மனமில்லாமல் நாமே ஆள் பிடித்து இறக்குகிறோம் பாருங்கள், அந்தக் குற்றத்தில் வீட்டுக்காரரும் சேர்த்தி. குழி எங்கே என்று சுவரில் இருந்தால் இயந்திரம் தேடி அலையாது.

தெருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் உத்தரவிட்டார். அந்த உத்தரவு எத்தனை ஊரில் எட்டிப் பார்த்தது? மேலே மேலே போட்டதில் என் வீட்டு வாசல் இப்போது தெருவுக்குக் கீழே இருக்கிறது, மழைத் தண்ணீர் அழைப்பிதழ் இல்லாமலே உள்ளே வருகிறது. வால்வு மூடியும் தாருக்கு அடியில் போய்விடுகிறது. அது என் வரைபடக் கதைக்கே திரும்பி வருகிறது, விட்டுவிடுகிறேன். நான்காவதாகப் பணத்தைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். வரி என்று வாயெடுத்தால் இத்தனை நேரம் கைதட்டியவர்கள் எழுந்து போய்விடுவீர்கள், அடுத்த ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம்.

நகர்மன்றத் தலைவர் அம்மா ஒரு வார்டிலாவது சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று சற்றுமுன் என்னிடம் சொன்னார்கள். மைக்கில் சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது. மன்னிக்க வேண்டும் அம்மா. அடுத்த மன்றக் கூட்டத்தின் தீர்மானப் பட்டியலில் இதைச் சேர்க்கக் கோரும் மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. காப்பி கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். கையெழுத்தோடு கதவு எண்ணையும், உங்கள் தெருவில் வால்வு இருக்கும் இடம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தண்ணீர் திறந்துவிடும் தம்பிகள் இரண்டு பேர் பின்வரிசையில் நிற்கிறார்கள், அவர்களை விடாதீர்கள், முதலில் அவர்களிடம் எழுதி வாங்குங்கள். வாய்ப்புக் கொடுத்த சங்கத்தாருக்கு நன்றி, வணக்கம்.