ப்ளூ ஸ்க்ரீன் விழுந்தா உடனே ஃபார்மட் அடிக்காதீங்க | மண்டபம் சர்வர் வேலை

வணக்கம் மக்களே. மண்டபத்துல ஒரு இறால், நண்டு ஏத்துமதிக் கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். பின்னாடி கேக்குறது ஐஸ் பிளான்ட் சத்தம், அதை நிறுத்தச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கங்க. இந்தா இருக்குல்ல, இதான் சர்வர். டாலி, பில்லிங், வந்து எறங்குற சரக்கோட எடை, எல்லாம் இதுலதான். நடு வேலையில ப்ளூ ஸ்க்ரீன், அதான் விண்டோஸ் செத்துப்போயி காட்டுற நீலத் திரை, விழுந்து தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னு கூப்பிட்டாக.

முதலாளி கேட்ட மொதக் கேள்வியே, "ஏந்தம்பி, ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்ருவமா?" வேணாம்ணே. அடிச்சா எதனால விழுந்துச்சுங்கிற தடயமும் சேந்து அழிஞ்சிரும். மொதல்ல பேக்கப். எடுத்த பேக்கப்ப வேற மிஷின்ல தொறந்தும் பாத்துருங்க. அப்புறந்தான் கைய வைக்கணும்.

அடுத்து ஈவென்ட் வியூவர், விண்டோஸ்ல நடந்ததெல்லாம் பதிவாகுற எடம். அதுல சிஸ்டம் லாக். கெர்னல் பவர் 41னு செகப்பாத் தெரியும். அதப் பாத்ததும் பவர் சப்ளைய மாத்தச் சொல்லுவாக, நிறைய பேரு. 41 சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், மிஷின் ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னு. டீடெய்ல்ஸ்ல போயி பக்செக் கோடு பாருங்க, எதனால விழுந்துச்சுன்னு சொல்ற எண்ணு அது. 0ன்னு இருந்தா ப்ளூ ஸ்க்ரீன் பதிவே ஆகல. கரண்ட் போயிருக்கலாம், யூபிஎஸ் கைவிட்டிருக்கலாம், இல்ல ஹேங்காகி யாரோ பட்டன அமுக்கியிருக்கலாம். இங்க 292னு இருக்கு. அது டெசிமல், நம்ம சாதாரண எண்ணு. ஹெக்ஸ்ல, அதாவது 16ஐ அடிப்படையா வச்ச எண்ணுல, மாத்துனா 124. ஹார்டுவேர் எர்ரர்.

டம்ப் ஃபைலையும் விடக்கூடாது, விழுந்த நேரத்துல மெமரில இருந்தத விண்டோஸ் எழுதி வைக்கிற ஃபைல் அது. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு இருக்கும். இல்லன்னா, யாராவது இடம் மிச்சம் பண்றேன்னு பேஜ் ஃபைல, அதான் ராமுக்குத் துணையா டிஸ்க்ல ஒதுக்குற எடத்த, ஆஃப் பண்ணிருக்காகளான்னு பாருங்க, அது இல்லாம டம்ப் எழுதாது. டம்ப் ஃபைல தொறந்து படிக்கிற மைக்ரோசாஃப்டோட வின்டிபக் இலவசம். அதுல தொறந்து ஆச்சரியக்குறி, அனலைஸ், ஸ்பேஸ், மைனஸ் வி. ஒவ்வொரு டம்ப்லயும் அதே டிரைவர், அதான் ஹார்டுவேர ஓட்டுற புரோகிராம், பேரு வந்தா அந்த டிரைவரத் துரத்துங்க. கோடு 7ஏ வந்தா டிஸ்க், கேபிள், இல்ல பல டிஸ்க்க சேத்து ஓட்டுற ரெய்டு கன்ட்ரோலர். தடவைக்கு ஒரு கோடு வந்தா எனக்கு ராம் மேலதான் மொதல்ல சந்தேகம் வரும். விண்டோஸோட உள் மையமான என்டி கெர்னல் பேரு வருதேன்னு விண்டோஸத் திட்டாதீங்க, செத்த எடத்துல நின்ன ஆளு அது, அவ்வளவுதான்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேரோட அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின் படுத்துச்சு. சேஃப் மோட்ல போயி ஒரு ஃபைல அழிச்சதும் எந்திரிச்சுச்சு. அன்னைக்கும் ஃபார்மட் அடிச்சவுக இருக்காக!

சரி, நம்ம 124. இந்த சர்வர்ல இருக்குறது ஈசிசி ராம், தப்பக் கண்டுபிடிச்சுத் திருத்துற வகை. ஒரு பிட் தப்பானா தானே திருத்திக்கிரும், ரெண்டு பிட்டுன்னா திருத்த முடியாம விழுந்துரும். அதனால விழுகுறதுக்கு முன்னாடியே திருத்துன கணக்கு சர்வருக்குள்ளயே இருக்குற கண்காணிப்பு சிஸ்டத்துல, ஹெச்பின்னா ஐலோ லாக்ல, டெல்னா ஐட்ராக்ல, ஏறியிருக்கும். பாத்தா ஒரே ஸ்லாட் பேரு திரும்பத் திரும்ப. அந்த ராம வேற ஸ்லாட்டுக்கு மாத்துனேன். எர்ரரும் கூடவே போச்சு. அப்ப ராம்தான் போச்சு, போர்டு நல்லாருக்கு. எர்ரர் பழைய ஸ்லாட்லயே நின்னிருந்தா போர்டு செலவு.

கழட்டிப் பாத்தா, இங்க கேமராவக் கிட்டக் கொண்டு வாரேன், கான்டாக்ட் ஓரத்துல பச்சை பூத்திருக்கு. உப்பு! கச்சான் காத்து இந்த ஜன்னல் வழியா நேரா உள்ள வருது. ஈரப்பதம் 75 சதவீதம் வாக்குல போனா உப்புத்தூசி காத்துல இருக்குற ஈரத்த இழுத்துத் தண்ணியாயிரும், கரண்டும் கடத்தும், செம்பையும் அரிக்கும். இவுக ராத்திரி ஏசிய அமத்தி ஜன்னலத் தொறந்து போட்டுப் போறாக. பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கே பெயின்ட் அடிச்சு மாளல, இந்தப் போர்டு எம்மாத்திரம்?

மத்த ராம் எல்லாத்தையும் கழட்டி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சாச்சு. ரப்பர் வச்சுத் தேய்க்காதீங்க, தங்கப் பூச்சு உரிஞ்சிரும். புது ராம் போட்டாச்சு. ஜன்னலுக்கு சீலிங், ஏசி 24 மணி நேரம், ஈரப்பதம் காட்டுற மீட்டர் ஒண்ணு. 60க்குக் கீழ நிக்கணும்.

எனக்குப் போன் அடிக்கிறவுக "சர்வர் ஓடல"ன்னு மட்டும் சொல்லாதீங்க, நீலத் திரையில வர்ற ஸ்டாப் கோட போட்டோ எடுத்து அனுப்புங்க. விண்டோஸோட ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி செட்டிங்ல தானா ரீஸ்டார்ட் ஆகுற டிக்க எடுத்துவிட்டா திரை அப்படியே நிக்கும். கோளாறு சரியானதும் மறக்காமத் திரும்பப் போட்ருங்க, இல்லன்னா ராத்திரி விழுந்தா காலையில ஆள் வர்ற வரைக்கும் எடை போடுறது நின்னு போயிரும்.