கணக்கில் 96, தமிழில் 38: ஆஸ்பெர்கர் உள்ள பிள்ளைக்குப் படிப்பு வருமா?

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி பள்ளத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன்.

"என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு ஆஸ்பெர்கர் என்றார். இந்தப் பிள்ளைகள் எல்லாம் படிப்பில் புலி என்று கேள்விப்பட்டேன். இவன் கணக்கில் 96, தமிழில் 38, சமூக அறிவியலில் 45. பள்ளியில் அறிவு இருக்கிறது, திமிரும் இருக்கிறது என்கிறார்கள். பள்ளி விட்டு வந்தால் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், அப்பத்தா பக்கத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான், டியூஷனுக்குப் போக மாட்டேன் என்கிறான். அப்பத்தா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று அவன் அப்பா சொல்கிறார். இவனுக்குப் படிப்பு வருமா, வராதா?"

படிப்பு வரும் அம்மா. வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் மகனுக்குச் சிக்கல் பாடத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. மற்ற பிள்ளைகள் அவற்றைத் தானாகப் புரிந்துகொள்வார்கள், இவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் ஒரு பிள்ளையின் பள்ளி நாட்களையே புரட்டிப் போட்டுவிடும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆஸ்பெர்கர் என்பது ஆட்டிசத்தில் ஒரு வகை. மற்றவர்களோடு பழகுவதும் உலகத்தைப் புரிந்துகொள்வதும் வேறு மாதிரி இருக்கிற மூளை வளர்ச்சியைத்தான் ஆட்டிசம் என்கிறார்கள். ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவில் இருந்த குழந்தை மருத்துவர். 1944இல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1981இல் லார்னா விங் என்ற இங்கிலாந்து மருத்துவர்தான் இந்தப் பெயரைப் பரவலாக்கினார். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 1994இல் தனிப் பெயராகச் சேர்த்தார்கள். 2013இல் அதை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். அதனால் வேறு ஒரு டாக்டர் ரிப்போர்ட்டில் ஆட்டிசம் என்று எழுதினால் பிள்ளைக்கு ஏதோ முற்றிவிட்டது என்று பதறாதீர்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, பிள்ளை அதே பிள்ளை. ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சியோடு ஒத்துழைத்தார் என்பதற்கான ஆவணங்களும் 2018இல் வெளிவந்தன. அதற்குப் பிறகு அந்தப் பெயரே வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. நீங்கள் கேட்ட வார்த்தை என்பதால் இங்கே நானும் அதையே சொல்கிறேன்.

சரி, படிப்பில் புலி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஆஸ்பெர்கர் என்று சொல்வதற்கே அறிவுத்திறனில் பின்தங்கல் இருக்கக் கூடாது, சின்ன வயதில் பேச்சு பெரிதாகத் தாமதப்பட்டிருக்கக் கூடாது என்று அப்போதைய வரையறை இருந்தது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு அறிவு சராசரியாகவோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் அறிவு அப்படியே மார்க்காக மாறிவிடாது. 2011இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், அறிவுத்திறன் நன்றாக இருக்கிற, ஆட்டிசம் உள்ள 30 ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அவர்களில் 27 பேருக்கு, அறிவுத்திறனை வைத்து எதிர்பார்த்ததற்கும் படிப்பில் எடுத்ததற்கும் ஏதாவது ஒரு பாடத்திறனிலாவது பெரிய இடைவெளி இருந்தது. சிலர் எதிர்பார்த்ததைவிட மேலே, சிலர் கீழே. ஒரே பிள்ளை ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருப்பதுண்டு. உங்கள் மகனின் 96ம் 38ம் அந்த மாதிரிதான்.

தமிழில் ஏன் 38? விடைத்தாளைக் கையில் எடுத்து, மார்க் போன இடங்களை விரல் வைத்துப் பாருங்கள். நான் பத்து வருஷத்துக்கு மேலாகக் காரைக்குடியில் இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். கோட்டையூரிலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். அரையாண்டுத் தேர்வில் 'வெளியூரில் இருக்கும் நண்பனுக்கு உன் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கடிதம் எழுது' என்று ஒரு கேள்வி. அவன் ஒரே வரி எழுதியிருந்தான்: 'எனக்கு வெளியூரில் நண்பன் இல்லை.' பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெளியூரில் மட்டுமா, உள்ளூரிலும் அவனுக்கு நண்பன் கிடையாது.

ஒரு நண்பனைக் கற்பனை செய்துகொள் என்றேன். பொய் எழுதக் கூடாது மிஸ் என்றான். கணக்கில் எக்ஸ் என்று வைத்துக்கொள்கிறாயே, அது பொய்யா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம், "அப்போ நண்பன் ஈக்வல் டு எக்ஸ்" என்றான். அன்றைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினான். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்துக்கு எத்தனை மணிக்கு மைக் செட் போட்டார்கள், எந்தத் தெருவில் ரோட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள், தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எங்கே நின்று பார்த்தான், எல்லாம் இருந்தது. எழுத அவனிடம் எவ்வளவோ இருந்தது. கேள்விக்கு உள்ளே நுழைகிற வாசல்தான் அவனுக்குத் தெரியவில்லை.

இப்படித்தான் பல இடங்களில் மார்க் போகும். சத்தமாக, பிழையில்லாமல் வாசிப்பார்கள், ஆனால் 'அவன் ஏன் தலைகுனிந்தான்' என்று கேட்டால் விழிப்பார்கள். கதையில் எழுதியிருப்பது பிடிபடும், எழுதாமல் விட்டது பிடிபடாது. சமூக அறிவியலில் 'விரிவாக விடையளி' என்றால் எவ்வளவு விரிவாக? அவனுக்கு அது நியாயமான சந்தேகம். 5 மார்க் என்றால் 5 குறிப்பு, ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வரி என்று சொல்லிக் கொடுங்கள். கணக்கிலும் அந்த 4 மார்க் எங்கே போனது என்று பாருங்கள், பெரும்பாலும் வழிமுறை எழுதாமல் நேராக விடையைப் போட்டிருப்பான். 'திருத்துகிறவருக்கு உன் மண்டைக்குள் நடந்தது தெரியாது, தாளில் இருப்பதுதான் தெரியும்' என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். நமக்கு இது சொல்லவே தேவையில்லாத விஷயமாகத் தோன்றும். அவனுக்கு அது புதுச் செய்தி.

கையெழுத்தையும் கவனியுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு விரல் ஒத்துழைக்காது, எழுதினால் கை வலிக்கும். நிறைய எழுத வேண்டிய பாடங்களில்தான் மார்க் குறைகிறது என்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது அந்தத் திமிர் என்ற வார்த்தைக்கு வருகிறேன். அதை ஒரு பிள்ளை மேல் ஒட்டினால் லேசில் உரியாது. என்னிடம் வந்த இன்னொரு பையன் வகுப்பு நடக்கும்போது எழுந்து ஜன்னல் பக்கம் போயிருக்கிறான். "இது என்ன உங்க வீட்டு வளவா, இஷ்டத்துக்கு நடக்க?" என்று ஆசிரியர் கேட்டார். "இல்லை சார், எங்க வீட்டு வளவு இதைவிடப் பெரிசு" என்றான். வகுப்பே சிரித்தது, அவனை வெளியே நிற்க வைத்தார்கள். அவன் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்லியிருக்கிறான். மூன்று தலைமுறைக்கு முந்தைய வீடு, நிஜமாகவே பெரிய வளவு. எதற்காக வெளியே நிற்கிறோம் என்று அவனுக்கு அன்று சாயங்காலம் வரை புரியவில்லை. 'உட்கார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பான்.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. 50 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அடிப்பதும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதும் வேறு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. அதை நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.

வகுப்பைவிடக் கடினமான நேரம் இடைவேளை. பெற்றோர் இதை யோசிப்பதே இல்லை. வகுப்பில் எங்கே உட்கார வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இடைவேளையில் எந்த விதியும் கிடையாது. நூறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், குழாயடியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும், தலைக்கு மேலே மணி அடிக்கும். நமக்கு அது பள்ளிக்கூடச் சத்தம். இவர்களில் பலருக்கு அது ஊசியால் குத்துவது மாதிரி. கேலியும் கிண்டலும் நடப்பது அந்த அரை மணி நேரத்தில்தான். உங்கள் மகன் மதியம் எங்கே, யாரோடு சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். மாடிப்படிக்குக் கீழே தனியாக என்று சொன்னால், மார்க்கைவிட முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நூலகத்தில் உட்கார அனுமதி, கூட இருக்க நல்ல மனசுள்ள ஒரே ஒரு பிள்ளை, இது போதும்.

பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். இந்தப் பெண் பிள்ளைகளில் பலர் மற்ற பிள்ளைகளைப் பார்த்து அப்படியே நடந்து சமாளித்துவிடுவார்கள். பள்ளியில் 'அமைதியான பொண்ணு' என்று பெயர் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அழுது தீர்ப்பார்கள். பல பேருக்குக் கல்லூரி போகிற வரை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், ஆட்டிசத்தைப் பற்றி விளக்க வேண்டாம். 'நேரடியாகச் சொன்னால் கேட்பான். மாற்றம் இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். சத்தம் தாங்க மாட்டான்.' இவ்வளவு போதும், இரண்டு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அப்புறம், சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கு அரசு மருத்துவமனையில் வாங்கிய சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். இப்போதே ஆரம்பித்தால் ஒன்பதாம் வகுப்புக்குள் எல்லாம் கைக்கு வந்துவிடும். சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று நம் பக்கத்தில் பயப்படுவார்கள். திமிர் என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டதே அம்மா, அதற்கு இது எவ்வளவோ மேல்.

கடைசியாக அந்த டியூஷன். அவன் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அப்பத்தா அவனைக் கெடுக்கவில்லை. ஆறேழு மணி நேரம் அந்தச் சத்தத்தையும் புரியாத பேச்சையும் தாங்கிவிட்டு வருகிற பிள்ளைக்கு, கேள்வி கேட்காத ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். உங்கள் மாமியார் அதை யாரும் சொல்லாமலேயே செய்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் கை வைக்காதீர்கள். டியூஷனை ஆறரைக்குத் தள்ளிப் போடுங்கள், தமிழுக்கு மட்டும் வைத்தால் போதும். அடுத்த தேர்வு முடிந்ததும் தமிழ் விடைத்தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எங்கே மார்க் போகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.

அடுத்த கேள்வி தேவகோட்டையிலிருந்து வந்திருக்கிறது.