கட்டியக்காரன் வீசுகிறார், ராஜா பிடிக்கிறார்

[காட்சி: இரவு, கோயில் திடல். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது.]

தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம், திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து என்று வைத்துக்கொள்வோம். மணி 12. திரை விலகுகிறது, துரியோதனன் வருகிறார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனிடம், கூத்து ராஜாக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்கிறார்: "அடே கட்டியக்காரா, நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

"மாரி மூணு இருக்கட்டும் மகாராஜா, குழாயில தண்ணி வந்தே மூணு நாளாச்சு!"

திடலே சிரிக்கிறது. இந்த வரி எந்த ஏட்டிலும் கிடையாது. சாயங்காலம் டீக்கடையில் கட்டியக்காரன் காதில் விழுந்த புலம்பல் அது. சரி, இப்போது ராஜா என்ன செய்வார்?

[காட்சி: படம் அப்படியே நிற்கிறது. ராஜாவின் முகம் மட்டும் பெரிதாகிறது.]

"அஸ்தினாபுரத்தில் ஏதடா குழாய்?" என்று அதட்டலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிரிப்பு அங்கேயே செத்துப்போகும், கட்டியக்காரன் முழிப்பார்.

இப்படியும் சொல்லலாம்: "அப்படியா சேதி! அந்த பீமன்தான் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்!"

குழாய் இருப்பதை ராஜா ஒப்புக்கொண்டாயிற்று. கூடவே ஒரு மோட்டாரும் வந்து சேர்ந்தது. ஆனால் ஆள் இன்னும் துரியோதனன்தான். எது கெட்டாலும் பங்காளிமேல் பழி போடுவதுதானே அவர் குணம்? கைதட்டல் கட்டியக்காரனுக்குப் போகும். என்னைக் கேட்டால் பாதி ராஜாவுக்குச் சேரவேண்டும்.

எழுதிவைக்காமல் மேடையிலேயே பேச்சைக் கட்டும் இந்தக் கலைக்கு வெளிநாட்டில் இம்ப்ரோவ் என்று பெயர். அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் உருவாக்கிய நாடக விளையாட்டுகள் அதற்கு ஒரு வேர். அவர் மகன் பால் சில்ஸ் 1959-இல் சிகாகோவில் 'செகண்ட் சிட்டி' தொடங்கியவர்களில் ஒருவர். 1977-இல் கனடாவின் கால்கரியில் கீத் ஜான்ஸ்டன் இதையே அணி, நடுவர், மதிப்பெண் என்று போட்டியாக்கினார். அங்கே சொல்லித்தரும் முதல் பாடம், கூட நடிப்பவர் சொன்னதை மறுக்காதே, 'ஆமாம், அப்புறம்...' என்று தொடரு. நம் ராஜா செய்ததும் அதுதான்.

[காட்சி: ஒப்பனைக் கொட்டகை. ஒருவர் அரிதாரம் பூசுகிறார்.]

ஒரு வித்தியாசம் உண்டு. இம்ப்ரோவ் மேடையில் பார்வையாளர் ஒரு சொல் கொடுத்தால் போதும், கதை அங்கேயே பிறக்கும். முடிவு நடிப்பவருக்கே தெரியாது. கூத்தின் முடிவோ முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். என்ன சிரித்தாலும் துரியோதனன் தொடை உடைந்து படுகளத்தில் விழத்தான் வேண்டும். கட்டியக்காரன் முளையில் கட்டிய மாடு மாதிரி. கிருஷ்ணகிரி மாங்காய் விலை, முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுபவர், குறுக்கே ஓடும் நாய் என்று கயிறு எட்டும் தூரம் வரை மேயலாம். அடுத்த வேஷம் கட்டி முடியவில்லை என்றால் கயிற்றை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்வார். மிருதங்கக்காரர் கண் காட்டினால் கதைக்குத் திரும்பிவிடுவார்.

அடுத்த முறை கூத்துப் பார்க்கப் போனால், ஊரே சிரிக்கும்போது கட்டியக்காரனை விட்டுவிட்டு ராஜாவைப் பாருங்கள். மீசையை முறுக்குவதுபோல் வாயை மறைத்துக்கொண்டு பதில் தேடிக்கொண்டிருப்பார்.

[காட்சி: நின்ற படம் மறுபடி ஓடுகிறது. கட்டியக்காரன் ராஜாவை நெருங்குகிறார்.]

"மோட்டார் போனாப் போகுது மகாராஜா, கரண்டு பில்லு உங்க பேர்லதான் வருது!"