ஷாக்கில் பாதித்த நுரையீரலுக்கு உடலுக்கு வெளியே சிகிச்சை

[திரையில்: மார்பு எக்ஸ்ரே. கீழ்ப்பகுதி மங்கலான வெள்ளை]

கீழே வெள்ளையாகத் தெரிவது நீர் கோத்த இடம். தானமாக வந்த நுரையீரல் இப்படி இருந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். உறுப்பு தானம் செய்பவர்களில் ஐந்தில் ஒருவருடைய நுரையீரல்தான் பொதுவாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. மற்றதெல்லாம் செத்துப்போன நுரையீரல் இல்லை. அதில் நிறைய, அடிபட்ட நுரையீரல்.

அடி எங்கிருந்து விழுகிறது? விபத்தில் நிறைய ரத்தம் போனால் ரத்த அழுத்தம் சரிந்து ஷாக் வருகிறது. உறுப்புகளுக்கு ஆக்சிஜன் பற்றாமல் போகிறது. ரத்தமும் சலைனும் ஏற்றி ஓட்டம் திரும்பும்போது உடல் முழுக்க அழற்சி கிளம்பி, வெள்ளணுக்கள் நுரையீரலின் தந்துகிகளில், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய்களில், போய் அடைகின்றன. அப்புறம் மூளைச்சாவு. அந்த நேரத்தில் அட்ரினலின் வெள்ளமாகச் சுரந்து, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் எகிறுகிறது. தந்துகிச் சுவர் கசிந்து, காற்றறைகளுக்குள் நீர் இறங்குகிறது.

சிகிச்சை ஐசியூவிலேயே தொடங்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சையும் உடல் எடையில் கிலோவுக்கு 10–12 மில்லியிலிருந்து 6–8 மில்லியாகக் குறைத்தார்கள். மூச்சு வெளியேறிய பிறகும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி கொஞ்சம் கூடுதல் அழுத்தம் வைத்தார்கள். பழைய முறையில் 54 சதவீதக் கொடையாளர்களின் நுரையீரல் தகுதி பெற்றது. இந்த முறையில் 95 சதவீதம்.

[திரையில்: கண்ணாடி போன்ற மூடிக்குள் நுரையீரல்]

சரி, அதையும் தாண்டி நீர் கோத்துவிட்டால்? நுரையீரலை உடலுக்கு வெளியே எடுத்து, அதன் ரத்தக்குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு, மூச்சும் கொடுத்துப் பார்ப்பதுதான் ஈவிஎல்பி (எக்ஸ் விவோ லங் பெர்ஃப்யூஷன்). ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் குழு 2000-ல் இப்படிச் சோதித்த நுரையீரலை முதன்முதலில் ஒருவருக்குப் பொருத்தியது. டொரொன்டோ மருத்துவர்கள் அதைப் பல மணி நேரச் சிகிச்சையாக வளர்த்தார்கள்.

ஐஸில் குளிர்ந்து வரும் நுரையீரலின் தமனியில் ஒரு குழாய், இடது மேலறைப் பக்கம் ஒரு குழாய், மூச்சுக்குழலில் இன்னொன்று. ஓடுவது ரத்தம் இல்லை. அல்புமின் என்ற புரதம் கலந்த ஸ்டீன் கரைசல். அந்த அல்புமின்தான் கசிந்த நீரைத் திரும்ப ரத்தக்குழாய்க்குள் இழுக்கிறது. அவசரப்பட்டால் தந்துகி கிழியும். அதனால் ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். முழு வேகம் என்பதே இதயம் வெளியேற்றும் அளவில் 40 சதவீதம்தான். சூடு 32 டிகிரியைத் தொட்ட பிறகு வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கிறது, நிமிடத்துக்கு ஏழே முறை. 37 டிகிரியில் நுரையீரல் விரிந்து சுருங்குவதை மூடி வழியாகப் பார்க்கலாம்.

இந்த நிலையில் மருந்து கொடுப்பதுதான் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை. கொடுக்கும் மருந்து நுரையீரலுக்கு மட்டுமே போகிறது. சிறுநீரகம் தாங்குமா, கல்லீரல் தாங்குமா என்ற கவலை இல்லை. அழற்சியை அடக்க ஸ்டீராய்டு, கிருமிகளுக்கு ஆன்டிபயாடிக் ஏற்கெனவே சேர்க்கிறார்கள். 2009-ல் டொரொன்டோ குழு, நிராகரிக்கப்பட்ட மனித நுரையீரல்களில் அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 மரபணுவைச் செலுத்தியது. அவற்றின் செயல்பாடு தேறியது. அது ஆய்வகத்தில் நடந்தது, நோயாளிகளுக்கு இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

நோயாளிகளிடம் கிடைத்த முடிவு இது: 2011-ல் வெளியான டொரொன்டோ ஆய்வில் சந்தேகத்துக்குரிய 23 நுரையீரல்களை நாலு மணி நேரம் ஓடவிட்டார்கள். 20 பொருத்தப்பட்டன. 72 மணி நேரத்தில் கடும் பாதிப்பு தெரிந்தது 15 சதவீதம் பேரிடம். வழக்கமான முறையில் 30 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்பதால் 'மேல்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒதுக்கிவைத்திருக்கக்கூடிய நுரையீரல்கள் இவை.

மீதி மூன்று? கருவியில் ஏற்றிய பிறகும் எல்லாம் தேறுவதில்லை. காற்றறை இறுகி, கரைசலில் ஏறும் ஆக்சிஜனின் அழுத்தம் 350 மி.மீ. பாதரசத்தை எட்டாமல் போனால் நிறுத்திவிடுவார்கள். பெறுபவரின் மார்பைத் திறப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடுகிறது.